நீராவி ஏறும் பன்னிரண்டு நிமிடம்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

நீயும் நானும் இனிமேல் போனில் பேசக் கூடாது, எதுவானாலும் எழுதித்தான் தொலைக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். எழுதினால் கத்த முடியாது என்பது அவள் கணக்கு. என் கையெழுத்தைப் பார்த்தாலே நான் கத்துவது தெரியும் என்பது பாவம் அவளுக்குப் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மின்விசிறித் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் உனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. சுற்றுகிற விசிறி ஆடுகிறதா, முனகுகிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். நீ இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். இதற்காக மேலே இருக்கிறவர்களிடம் மூன்று தடவை பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். ஐம்பது அறுபது பெண்களைக் கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் நான், எனக்கு இது தேவையா?

நீயோ ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில் நாள் முழுக்க வெந்துகொண்டு, “எங்க மேனேஜர் எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்கக்கா” என்கிறாய். சொன்னால்? அதை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியுமா? அவருக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயரே ரேடியோம்மா. ஓயாமல் பேசுகிறார் என்றுதானே அர்த்தம்?

படிவம் இதோடு இருக்கிறது. மார்ச் பத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அனுப்பாவிட்டால் என் முகத்தில் முழிக்காதே.

அக்கா

---

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள். உன் குரலிலேயே படித்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

ரேடியோம்மா என்று நாங்கள் ஏன் சொல்கிறோம் என்று எழுதுகிறேன், கோபப்படாமல் படி. காலையில் பாய்லரைப் பற்றவைத்தால் அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தொடப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை எந்த இயந்திரமும் ஓடாது. வேறு இடமென்றால் அந்த நேரத்தில் தரையைப் பெருக்கச் சொல்வார்கள். இவர் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன வேண்டும் என்று சொல்வார். கடைசியாக, தனக்குத் தெரியாதது என்னென்ன என்றும் சொல்வார். “புது சோப்பு எப்ப வரும்? தெரியாது. கேட்டிருக்கேன். வியாழக்கிழமை மறுபடி கேப்பேன்.” வியாழக்கிழமை கேட்டுவிட்டு வந்து சொல்வார். நாங்களும் கேட்போம், திட்டுவோம். முள் பச்சையைத் தொட்டதும் பேச்சு நின்றுவிடும், பாதி வாக்கியமாக இருந்தாலும்.

போன வருடம் நான் ஒரு வண்டி அறுவைசிகிச்சை விரிப்புகளை ரோஸ் ஆக்கிய கதை உனக்குச் சொல்லவில்லை. யாரோ நோயாளியின் சிவப்புச் சட்டை உள்ளே சுருண்டு கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. மறுநாள் அவர் கூடைமேல் ஏறி, “நேத்து ஒரு வண்டி ரோஸ் ஆயிடுச்சு. யாருன்னு எனக்குத் தெரியும். அது முக்கியமில்ல. வேகமா அள்ளிப் போடுங்கன்னு போன வாரம் சொன்னது நான். பிரிச்சுப் பாத்துப் போடுங்கன்னு சொல்லல. அது என் தப்பு” என்றார். “நான்தாம்மா அது” என்று கையைத் தூக்கிவிட்டேன். “அட, நீயே சொல்லிட்டியா? அப்ப சட்டை எந்த மூலைல இருந்துச்சு, அதச் சொல்லு, மத்தவங்களுக்கு உதவும்” என்றார். அன்றிலிருந்து, விரிப்பு தேய்க்கிற என் உருளை இஸ்திரியை விட்டுத் துணி போடும் முறை வரும்போதெல்லாம், ஒவ்வொரு மூட்டையையும் நான் உதறித்தான் போடுகிறேன். யாரும் பார்க்காத போதும்.

அதனால் இப்போதைக்கு வர மனமில்லை. மூன்று தடவை பல்லை இளித்ததற்கு மன்னித்துக்கொள். உனக்கு நல்ல பல்தான்.

சின்னவள்

---

பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

கொழுப்பு.

உன் ரேடியோம்மா கதையைப் படித்தேன். ஐம்பது பெண்களை ஒரு நாள் அவரிடம் விட்டுப் பார்க்க வேண்டும், அப்போது தெரியும். எங்களிடம் அறிவிப்பு சொல்வதற்குக் கூரையில் ஒலிபெருக்கி இருக்கிறது. “வரிசை நான்கு, இன்று ஒரு மணி நேரம் கூடுதல் வேலை” என்று அது சொல்லும். ஏன் என்று அதனிடம் கேட்க முடியாது, என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் சூப்பர்வைசருக்கு மரியாதை போய்விடும், அதனால் “வேலயப் பாரு” என்பேன்.

என் வரிசையில் அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். இப்போது ஐம்பத்தொன்று. நல்ல சம்பளம், நல்ல கேன்டீன், இருந்தும் நிற்பதில்லை. சொல்லிக்கொண்டு போகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. காலையில் நாற்காலி காலியாக இருக்கும், அதைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றி கெட்ட ஜென்மங்கள். மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி முடுக்கியவள், போன மாதம் போனாள். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

அதனால்தான் உன்னை வரச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளேன். சொந்த மனுஷி ஒருத்தியாவது பக்கத்தில் இருக்கட்டும். மார்ச் பத்து. மறக்காதே.

அக்கா

---

மார்ச் 4

அக்காவுக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். துள்ளிக் குதிக்காதே, முழுக்கப் படி.

போன வாரம் ரேடியோம்மா கூடைமேல் ஏறினார். முகமே சரியில்லை. “ஆஸ்பத்திரி நம்மள விட்டுட்டு வேற ஆலைக்குப் போகப்போகுது. நேத்து சாயங்காலம்தான் கேள்விப்பட்டேன். போயிட்டா நம்மள்ல பாதிப் பேருக்கு வேலை இருக்காது. யாருக்காவது வேற இடம் கெடச்சா போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்” என்றார். முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் மடிப்பு மேசையில் ஒருவர் இருக்கிறார், எட்டு மடிப்பு என்று கூப்பிடுவோம். எவ்வளவு பெரிய விரிப்பையும் எட்டாக மடித்து ஓரம் பிசகாமல் அடுக்குவார். இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு உடம்பு சரியில்லை. மூன்றாம் நாளே ஒரு பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது அக்கா. அம்மாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன், படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

சின்னவள்

---

மார்ச் 9

என் தங்கமே,

துள்ளிக் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நீ சேர வேண்டும். என் அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று. ஜன்னல் பக்கம் உனக்கு. அம்மாவை இரண்டு மாதம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம்.

சொன்னால் கோபிக்காதே, உன் ரேடியோம்மா செய்தது பைத்தியக்காரத்தனம். கப்பல் ஓட்டை என்று மாலுமியே கூவினால் எவன் துடுப்புப் போடுவான்? எங்கள் ஆட்கள் இப்படி வாயை விட மாட்டார்கள். இங்கே நீ நிம்மதியாக இருக்கலாம்.

அக்கா

---

மார்ச் 18

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி எங்களை விடவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு எங்களுக்கேதான் துணி.

வேறு ஆலையிடம் அவர்கள் விலை கேட்டது உண்மை. அதைப் பாதியில் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயம் என்று ரேடியோம்மா எங்களிடம் சொல்லிவிட்டார். உடனே சொல்லிவிட வேண்டும் என்கிற பழக்கம் அவரைக் கவிழ்த்துவிட்டது. கூடைமேல் ஏறி, “பாதி தெரிஞ்சத முழுசாத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். என்னால ஒருத்தர் வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு மத்தியானம் அவரப் பாக்கப் போறேன்” என்றார். நீ சொன்னது சரிதான், மகிழ்ச்சியா?

பஸ் ஏறி பாட்டில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றிருக்கிறார். எட்டு மடிப்பு வெளியே வந்து, “இந்த மாசம் முடிக்கிறேன்னு இங்க வாக்குக் குடுத்துட்டேம்மா. அப்புறம் வரேன். நீங்க சொல்லாம இருந்து, நெசமாவே வேலை போயிருந்தா என் கதி என்ன?” என்றாராம். அவருடைய மேசையை ரேடியோம்மா வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

நானும் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே. அதனால் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். திட்டவில்லை, உருகவுமில்லை. “புது எடத்துல உங்கிட்ட விஷயத்தச் சொல்றதுக்கு யாரு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். “எங்க அக்கா இருக்காம்மா” என்றேன். முகம் தெளிந்துவிட்டது. “அப்ப எனக்குக் கவலையில்ல, போயிட்டு வா” என்றார்.

என் உருளை இஸ்திரியில் இப்போது ஒரு புதுப் பெண் பழகுகிறாள். நன்றாகவே செய்கிறாள், எரிச்சலாக இருக்கிறது.

சின்னவள்

---

மார்ச் 22

சின்னவளுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஜாஸ்தி. உனக்கு வாங்கிய தலையணை கொஞ்சம் கல்லாக இருக்கிறது, மாற்ற வேண்டும்.

நீ ஒன்றாம் தேதி வர வேண்டாம். கொஞ்சம் பொறு. நானே சொல்கிறேன். காரணம் கேட்காதே, எல்லாம் நல்லதுக்குத்தான்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அக்கா

---

மார்ச் 25

அக்கா,

இது என்ன கூத்து? இங்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன், பெட்டியைக் கட்டிவிட்டேன். ஆறு வாரம் நச்சரித்தாய், இப்போது தலையணையைப் பற்றி எழுதுகிறாய்.

“காரணம் கேட்காதே” என்று உங்கள் கூரையில் இருக்கிற ஒலிபெருக்கி எழுதினால் சரி. நீ எழுதலாமா? சின்ன வயதில் அப்பாவின் உடம்பைப் பற்றி எல்லாரும் என்னிடம் மறைத்தபோது நீ ஒருத்திதானே என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னாய்? எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினான்கு. அந்த அக்காவை நம்பித்தான் ரேடியோம்மாவிடம் அப்படிச் சொன்னேன்.

என்ன நடந்தது? நேராகச் சொல்.

சின்னவள்

---

மார்ச் 29

சின்னவளுக்கு,

சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி எங்களை, சூப்பர்வைசர்களை மட்டும், மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். என் வரிசையும் தரம் பார்க்கும் பிரிவும் ஜூன் கடைசியில் மூடப்படுகின்றன. வேலை வேறு ஊருக்குப் போகிறது, ஆட்கள் போகவில்லை. ஜூன் பத்தாம் தேதி வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, தெரிந்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள், கையிலிருக்கிற ஆர்டர் முடியாது என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் உன் கடிதம். “எங்க அக்கா இருக்காம்மா.” அந்த வரியை மூன்று தடவை படித்தேன். இருந்தும் நான் என்ன செய்தேன் பார், தலையணையைப் பற்றி எழுதினேன். முதலில் இன்னும் கேவலமாக யோசித்தேன்: நீ வரட்டும், மூன்று மாதச் சம்பளம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கோபக் கடிதம் இருபத்தேழாம் தேதி காலை வந்தது. அன்று மத்தியானத் தேநீர் இடைவேளையில் நான் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். விசிறிப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றேன். அது காலிப் பெட்டி. அப்படியே அமுங்கி முழங்கால்வரை உள்ளே போய்விட்டேன். ஐம்பத்தொரு பேரும் சிரித்தார்கள். பெட்டிக்குள் நின்றபடியே, “ஜூன் கடைசியில இந்த வரிசை இருக்காது. எங்கிட்ட சொன்னத அப்படியே உங்ககிட்ட சொல்றேன். அதுவரைக்கும் வேலையும் சம்பளமும் உண்டு. அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாது” என்றேன். இந்தக் கடைசி வார்த்தையை மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன். ஒருத்தி, “அப்ப உங்களுக்குக்கா?” என்று கேட்டாள். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

நேற்றுக் காலை வாசலில் நின்று எண்ணினேன். பாதி நாற்காலி காலியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நின்றேன். ஐம்பது பேர் வந்தார்கள். ஐம்பத்தோராவது ஆள், குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். இதற்கு முன்பு எனக்கு யாரும் சொல்லியனுப்பியதே கிடையாது.

நீ வராதே. நாளைக்கு என்னை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அக்கா

---

ஏப்ரல் 5

அக்கா,

படித்துவிட்டு அழுதேன், பெட்டிக்குள் நீ நின்றதை நினைத்துச் சிரித்தேன், அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெரிய மனுஷி நீ. உன்னைப் போல் தைரியம் எனக்கு வராது.

நான் திரும்பிப் போய்விட்டேன். உருளை இஸ்திரி கிடைக்கவில்லை, புதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார் ரேடியோம்மா. மூட்டை பிரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. எட்டு மடிப்பு முந்தாநாள் வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக நாங்கள் அடுக்கியதை எல்லாம் கலைத்து மறுபடி மடித்தார், யாருக்கும் கோபம் வரவில்லை.

மாடியில் என்ன சொன்னார்கள்? வேலை போய்விட்டதா? உடனே எழுது.

சின்னவள்

---

ஏப்ரல் 12

சின்னவளுக்கு,

போகவில்லை, நூலிழையில் தப்பியது.

மாடியில் டைரக்டர் என்னை வறுத்தெடுத்துவிட்டார். “வாய அடக்கத் தெரியாதா?” என்றார். நீக்குகிற கடிதம் அடித்துத் தயாராக மேசைமேல் இருந்தது, தலைகீழாகப் படித்தேன். என்னை உட்கார வைத்துவிட்டு, வரிசை என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க அவரே கீழே இறங்கினார். அங்கே அன்றைய கணக்கு, இந்த வருடத்தின் எந்த நாளையும்விட முப்பது விசிறி அதிகம். அவர் நம்பவில்லை. ஒருத்தியிடம் போய், “இங்க மூடப் போறோம்னு தெரியுமில்ல? இன்னும் ஏன் இருக்கீங்க?” என்று கேட்டாராம். அவள் முடுக்குவதை நிறுத்தாமலே, “ஜூன் வரைக்கும் வேலை இருக்குன்னு அக்கா சொன்னாங்க சார். அப்ப செய்யணும்ல?” என்றாளாம். டைரக்டர் மேலே வந்து அந்தக் கடிதத்தை இழுப்பறையில் போட்டார். “போங்க, போய் வேலயப் பாருங்க” என்றார். நான் இத்தனை நாள் சொன்ன அதே வார்த்தை.

இப்போது தினமும் காலையில் ஐந்து நிமிடம் பேசுகிறேன். நல்ல மரப்பெட்டி ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஜூன் முப்பதுக்குப் பிறகு என்ன என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அக்கா

---

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ரேடியோம்மாவிடம் காட்டினேன். கோபப்படுவாய், படு. இரண்டு தடவை படித்தார். கீழே உள்ளது அவர் கையாலேயே எழுதியது. நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

சின்னவள்

வணக்கம். இங்கே துணி வாங்கி அனுப்பும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெக்கை அதிகம். சம்பளம் நீங்கள் வாங்குவதைவிடக் குறைவு. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான். நான் அவசரப்பட்டுப் பேசுகிற ஆள், அதனால் ஒருவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஜூன் ஒன்றாம் தேதி நீங்கள் சேர வேண்டியிருக்கும். அதற்குமேல் இந்த இடத்தைக் காலியாக வைக்க முதலாளி சம்மதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. நல்லது என்னவென்றால், இங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். உங்களுக்கு எங்களைப் பிடிக்குமா என்பதும் தெரியாது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

ஏப்ரல் 26

சின்னவளுக்கு,

அவர் எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. வேலைக்குக் கூப்பிடுகிறவர் யாராவது கெட்டதை முதலில் எழுதுவார்களா? இப்படி ஒரு மனுஷியிடம் நீ வேலை செய்வதை இத்தனை நாள் கேலி பேசினேனே என்று வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும்.

ஆனால் ஜூன் ஒன்றாம் தேதி என்னால் வர முடியாது. முப்பதாம் தேதிவரை இங்கே நாற்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கு வேறு வேலை கிடைத்தது, என்னிடம் நேரே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மிச்சமிருப்பவர்கள் என் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி விசிறி பெட்டிக்குள் போகிறவரை நான் அவர்களோடு நிற்க வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் பாய்லர் பற்றவைப்பதற்கு முன்பே உங்கள் வாசலில் நிற்பேன், இடம் இருந்தால்.

இதை அவரிடம் அப்படியே சொல். என்ன பதில் சொல்கிறார் என்று எழுது. இடம் போய்விட்டது என்றால், போய்விட்டது என்றே எழுது.

அக்கா